பச்சை மைக்காரன்

எங்கள் சபைக்கு ஒரு நாத்திகனை உண்டாக்கிக் கொடுத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக்குப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட நேரம் அது. கவலைப்பட்ட பாஸ்டர், சனிக்கிழமை மாலைகளில் 'கேள்வி நேரம்' என்று ஒன்றைத் தொடங்கினார். காலி பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் நீளமாக ஓட்டை போட்டு, கூடத்து வாசலில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தார். விசுவாசத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் பெயர் போடாமல் எழுதிப் போடலாம், எல்லாவற்றுக்கும் பதில் உண்டு என்று அறிவித்தார்.

முதல் வாரம் டின்னுக்குள் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் ஒரு சீட்டு இருந்தது: "மின்விசிறி சத்தம் போடுகிறது." பாஸ்டர் அதற்கும் பதில் சொன்னார். மூன்றாவது வாரம் ஒரு பழைய பஸ் டிக்கெட். பாஸ்டர் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் கல்லூரியில் சுவர்ப் பத்திரிகை நடத்துகிறவன். இல்லாத வாசகர்களின் கடிதங்களை நானே எழுதி, அவற்றுக்கு நானே காரசாரமாகப் பதிலும் எழுதிப் பழகியவன். நான்காவது வாரம், அக்காவின் கைப்பையைத் துழாவியபோது பச்சை மைப் பேனாக்கள் இரண்டு கிடைத்தன; ஒன்றை எடுத்துக்கொண்டேன். இடது கையால் கோணல்மாணலாக எழுதிப் போட்டேன்: "கடவுள் இருக்கிறார் என்பதற்கு உங்களிடம் இருப்பது ஆதாரமா, பழக்கமா?"

பாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல வருடங்களாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்கு முதல் வாடிக்கையாளர் வந்தது போல் மலர்ந்தது. பதில்தான் சுமார். "இதெல்லாம் நம்பணும். கேள்வி கேக்கக் கேக்க விசுவாசம் குறையும்" என்றார். அடுத்த வாரமே பச்சை மையில் பதில் கேள்வி வந்தது: "அப்படியானால் டின் எதற்கு?"

பாஸ்டர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அந்த வாரத்தில் அவருக்கு என்ன நடந்ததோ தெரியாது. திரும்பி வந்தபோது கையில் நாலு புத்தகமும் ஒரு நோட்டும் இருந்தன. உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தால் தொடங்கி வைத்தவர் யார், நல்லது கெட்டது என்று நாம் பேசுவதற்கு அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒருவர்கூடத் தூங்கவில்லை. எங்கள் சபையில் இது வரலாற்று நிகழ்வு.

செய்தி பரவியது. நம் நடுவே ஒரு நாத்திகன் இருக்கிறானாம்! ஒன்பது பேர் வந்த கூடத்துக்கு அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். அவனுக்குப் 'பச்சை மைக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். அவன் மனந்திரும்ப வேண்டும் என்று பெண்கள் ஐக்கியம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் அறிவித்தது. அம்மாவும் அதில் சேர்ந்துகொண்டாள். என் மனந்திரும்புதலுக்காக அவள் பட்டினி கிடக்க, நான் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் துளியும் ரசிக்காதவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், சபையின் செயலாளர், ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் டீ வேண்டும் என்றாலும் காரணம், தேதி, அளவு மூன்றையும் குறிப்பிடுவார்.

"காரணம் கேட்டு வர்ற நம்பிக்கை, நம்பிக்கையே இல்ல பாஸ்டர். டின்னைத் தூக்கிக் கடாசுங்க" என்றார்.

"அவன் வர்றானே ஐயா. அது போதும் எனக்கு" என்றார் பாஸ்டர்.

ஏழாவது சீட்டுதான் என் கைவண்ணத்தின் உச்சம். அதற்கு முந்தைய வாரம் பாஸ்டர், "நாற்காலியில உக்காரும்போது 'என்னைத் தாங்குவியா'ன்னு கேட்டுட்டா உக்காருறீங்க? நம்பி உக்காருறீங்க. அதான் விசுவாசம்" என்று சொல்லியிருந்தார். நான் எழுதினேன்: "கடைசி வரிசை இடது ஓர நாற்காலி, கமிட்டிக் கூட்டத்தன்று செயலாளரை என்ன செய்தது என்பதை அறிவோம். அவர் மறுபடி அதிலேயே உட்கார்ந்தால் அது விசுவாசமா, ஞாபகமறதியா?"

கூடமே குலுங்கியது. பெரியப்பா மட்டும் தன்னையறியாமல் இடுப்பைத் தடவிக்கொண்டார். மறு வாரம் பாஸ்டர் அந்த நாற்காலியையே மேடைக்குத் தூக்கி வந்தார். விரிசல் விட்ட காலுக்கு இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார். எல்லோர் முன்னாலும் ஆட்டிக் காட்டினார், ஏறி நின்று காட்டினார், பிறகு பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

"அந்தத் தம்பி சொன்னது சரி. நான் சொன்ன உதாரணம் தப்பு" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு உக்காருறது விசுவாசம் இல்ல. பாத்துட்டு உக்காரணும். ஆனா பாத்துக்கிட்டே நின்னா கால் வலிக்குமே தவிர, உக்காந்ததா ஆகாது."

எனக்கே கைதட்டத் தோன்றியது. கடைசிச் சீட்டை எழுதிவிட்டு, பச்சை மைக்காரனை வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாஸ்டர் டின்னைத் திறந்தார். எட்டாவது சீட்டு வெளியே வந்தது. அதே பச்சை மை, அதே கோணல் எழுத்து.

நான் அதை எழுதவில்லை.

நான் உண்டாக்கியவன், என்னைக் கேட்காமலே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். கடவுளின் கஷ்டம் எனக்கு முதல் முறையாகப் புரிந்தது.

பாஸ்டர் வாசித்தார்: "ஒருவர் குணமாக வேண்டும் என்று குழந்தைகள் ஆறு வாரம் ஜெபித்தார்கள். எண் மாறவில்லை. இனி அவர்களிடம் 'கடவுள் கேட்கிறார்' என்று சொன்னால் அது சாட்சியா, பொய்யா?"

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இதுக்கு அடுத்த சனிக்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

ஒருவருடைய நோயை 'எண்' என்று சொல்கிற ஆள் எங்கள் சபையில் ஒரே ஒருத்திதான். என் அக்கா. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அது போக, நாலு வருடங்களாக ஞாயிறு வகுப்பில் உதவி ஆசிரியை. வகுப்பை நடத்திவந்த டீச்சர் ஊர் மாறிப் போவதால், முழுப் பொறுப்பையும் அவளிடம் ஒப்படைக்கச் சபை முடிவு செய்திருந்தது. அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று, 'இதை விசுவாசிக்கிறீர்களா, இதையே கற்பிப்பீர்களா?' என்ற கேள்விக்கு அவள் 'ஆம்' என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் அவள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ எழுதினியா?"

"எதை?"

"நடிக்காதே. நான் எழுதாததைப் பச்சை மைக்காரன் எழுதினதா ஊரே நம்புது. எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"பேனா திருடினவனுக்குப் பேரு வேறயா?"

"மொதல்லயே தெரியுமா?"

"மொத சீட்டை வாசிச்சப்ப எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பாத்தாங்க. நீ மட்டும் கூரையைப் பாத்துக்கிட்டிருந்த. அம்மா திட்டும்போதும் அங்கதான் பாப்ப."

"அப்புறம் ஏன் மாட்டிவிடல?"

"நல்லாத்தானே போச்சு? பாஸ்டர் இப்பல்லாம் யோசிச்சுப் பேசறாரு."

"உனக்குக் கேக்கணும்னா எந்திரிச்சுக் கேக்க வேண்டியதுதானே?"

"ஏன்டா, டீச்சரே எந்திரிச்சு எனக்குச் சந்தேகம்னு சொன்னா, மறுநாள் வீட்டுக்குப் பதினேழு பேரு ஜெபம் பண்ண வருவாங்க. டீ யாரு போடறது, நீயா? ஏற்கெனவே ஒரு நாத்திகன் சும்மாதானே இருக்கான்னு அவன் தலையில கட்டினேன்."

சிரித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கோட்டின் காலரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"யாருக்காக ஜெபிச்சாங்கன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன்" என்றாள். "பிள்ளைங்க ஒவ்வொரு வாரமும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் கேட்டாங்க. ஒவ்வொரு வாரமும் அந்த ரிப்போர்ட் என் கை வழியாத்தான் போச்சு. 'மிஸ், கடவுளுக்குக் கேட்டுச்சா?'ன்னாங்க. நான் கேட்டுச்சுன்னேன். சொல்லிட்டு உடனே பாட்டுப் புத்தகத்தைத் திறந்துட்டேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"பண்ணாத டெஸ்டுக்கு நான் இதுவரைக்கும் கையெழுத்து போட்டதில்லடா. சனிக்கிழமை நேர்மையா ஒரு பதில் வரட்டும். வந்தா 'ஆம்'. வரலன்னா வகுப்பை விட்டுடறேன்."

கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நாலு வருடமாக அவள் சேர்த்துவைத்திருக்கும் களிமண் ஆடுகள், ஒட்டுத்தாள், அட்டைக் கிரீடங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக இருந்தன. இந்த வீட்டில் எனக்கு அந்த அளவு இடம் யாரும் கொடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. வாசலில் பெரியப்பா புதிதாக ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்தார். "கையெழுத்து கட்டாயம். சொந்தப் பேனா கொண்டு வரவும்." நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பாஸ்டர் எழுந்ததும் பெரியப்பா கையைத் தூக்கினார். கையில் ஒரு கோப்பு.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விசாரணை அறிக்கை. ஒண்ணு: நாற்காலி உடைஞ்ச சம்பவம் நடந்தது கமிட்டிக் கூட்டத்துல. அப்ப கூடத்துல இருந்தது பதினொரு பேர். கமிட்டி பத்து. டீ கொண்டு வந்தவன் ஒருத்தன். ரெண்டு: எழுத்து எல்லாம் எதிர்ப்பக்கமாச் சாயுது. வலது கைக்காரன் இடது கையால எழுதினது. மூணு: கமிட்டியில யாருக்கும் இந்த அளவு வாய்க்கொழுப்பு கிடையாது."

காரணம் கேட்காமல் நம்ப வேண்டும் என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்த மனிதர், என்னைப் பிடிப்பதற்காக மட்டும் காரண காரியங்களை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் எனக்கு மரியாதைதான் வந்தது.

"நாலு" என்று பதிவேட்டை விரித்துக் காட்டினார். "இன்னைக்கு அறுபத்தெட்டுக் கையெழுத்து. அறுபத்தேழு நீலம். என் தம்பி மகனோடது மட்டும் பச்சை."

டீ கொண்டு போனவன் நான்தான். பேனாவை மாற்ற மறந்தவனும் நான்தான். கூரையைப் பார்த்தேன்.

"டேய்!" அம்மாவின் குரல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. "நாலு வெள்ளிக்கிழமைடா! நாலு வெள்ளிக்கிழமை வயித்தைக் காயப் போட்டேன்!"

"ஜெபம் வீண் போகலம்மா, நான் இப்பவும் விசுவாசிதான்."

"வாயை மூடு! வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் பெரியப்பா முடிவுரை வாசித்தார்: "ஆக, இந்தச் சபையில யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்ல. ஒரு சேட்டைக்காரன் விளையாடியிருக்கான். கடைசிச் சீட்டும் அவன் கூத்துதான், பதில் தேவையில்ல. டின்னை மூடறோம்." சொன்னபடியே டின்னை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் அக்காவைத் தேடினேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்றேன். "பெரியப்பா, ஏழு சீட்டு என்னோடது. தண்டனை எதுவானாலும் சரி. எட்டாவது என்னோடது இல்ல."

"பொய்!"

"ஏழையும் எடுத்துப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு நக்கல் இருக்கும். எட்டாவதுல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. அப்படியொரு சீட்டை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது."

பாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மறுபடி படித்தார். "தம்பி சொல்றது சரிதான்" என்றார்.

"அப்ப யாரு எழுதினது?" என்றார் பெரியப்பா.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்றேன்.

"என்னோடது" என்றாள் அக்கா.

எழுந்து நின்றிருந்தாள். அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. மின்விசிறி மட்டும் தன் பழைய புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு 'ஆம்'னு சொல்லணும் பாஸ்டர். அதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். எண் ஏன் மாறல?"

பாஸ்டர் நோட்டைத் திறக்கவில்லை. "தெரியாதும்மா" என்றார்.

"பாஸ்டர்!" என்று பதறினார் பெரியப்பா. "மேடையில நின்னுக்கிட்டுத் தெரியாதுன்னா எப்படி?"

"தெரியாததைத் தெரியும்னு சொன்னா அது பொய் ரிப்போர்ட் இல்லையா ஐயா? ஒரு வாரமாத் தேடினேன். ஏன்னு எனக்குத் தெரியல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

"பொய் ரிப்போர்ட் எங்க லேப்ல ஒரு தடவை வந்திருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "ஒரு பொண்ணு டெஸ்ட் பண்ணாமலே இருபது பேருக்கு எண் எழுதி வெச்சிட்டா. எப்படிப் பிடிச்சேன் தெரியுமா? எல்லாம் அவ்வளவு சுத்தம். நிஜ ரிப்போர்ட் அப்படி இருக்காது. ரத்தம் பத்தல, மறுபடி எடுக்கணும், குழாய் உடைஞ்சதுன்னு அசிங்கமா நாலு குறிப்பு இருக்கும். எழுதினவனுக்கு அவமானமா இருந்தாலும் நடந்தது நடந்தபடி இருக்கும்."

"ம்" என்றார் பாஸ்டர்.

"ஆண்டவர் உயிரோட எழுந்ததைப் பத்தி எழுதினவங்களும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. சீஷர்கள் ஓடிட்டாங்க. தலைவர் மாதிரி இருந்தவர் ஆளையே தெரியாதுன்னுட்டாரு. காலியான கல்லறையை மொதல்ல பாத்தது பொம்பளைங்க. அந்தக் காலத்துல எங்க சாட்சியை யாரு மதிச்சா? புளுகறவன் இப்படியா புளுகுவான்? என் தம்பியே இதைவிட நல்லாப் புளுகுவான்."

சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. விமர்சகர்கள் இதைவிட மோசமாகவும் பாராட்டுவார்கள்; பொறுத்துக்கொண்டேன்.

"அதனால அது எனக்குப் பிரச்சினை இல்ல. அதைப் புரட்டிப் பாத்துட்டேன், நிக்குது. என் பிரச்சினை இந்த ஆறு வாரம்தான்."

"நான் ஒண்ணு கேக்கலாமா? நிஜமாவே தெரியாமதான் கேக்கறேன்" என்றார் பாஸ்டர். "உங்க மெஷின் குடுக்கற எண் சரின்னு எப்படித் தெரியும்? உள்ள நடக்கறதை யாரும் பாக்கறதில்லையே?"

"தினமும் காலையில மொத வேலையா கன்ட்ரோல் போடுவோம். எவ்வளவு வரணும்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு பாட்டில். அதை மெஷின்ல போட்டு, சரியான எண் வருதான்னு பாப்போம். வந்தாத்தான் நோயாளிங்க ரத்தத்தை வைப்போம். தெரிஞ்சதுல சரியா நின்னுச்சுன்னா, தெரியாததுலயும் அதை நம்பி..."

அங்கே நிறுத்தினாள். கையிலிருந்த கைக்குட்டையை ஒரு தடவை மடித்தாள். எனக்கு அக்காவைத் தெரியும். மனதுக்குள் ஏதாவது சரியாகப் பொருந்தினால் இப்படித்தான் துணியை மடிப்பாள்.

"...நம்பிக் கையெழுத்து போடுவோம்" என்று முடித்தாள். "அந்தக் கல்லறை கன்ட்ரோல்னா, இந்த ஆறு வாரம் இன்னும் எண் தெரியாத பாட்டில். எனக்குத் தெரியலங்கறதால மெஷின் தப்புன்னு ஆகாது."

பாஸ்டர் அவசரமாக நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு பாஸ்டர். கன்ட்ரோல் தவறினா அன்னைக்கு மெஷினை நிறுத்திடுவோம். ஒரு ரிப்போர்ட்கூட வெளிய போகாது."

"அந்தக் கல்லறையில தவறியிருந்தா நானும் நிறுத்திடுவேன்" என்றார் பாஸ்டர், எழுதிக்கொண்டே. "மறுநாளே வேற வேலை தேடிப்பேன். தவறலங்கறதாலதான் இங்க நிக்கறேன்."

இதைக் கேட்ட அதிர்ச்சியில் பெரியப்பா பின்னால் நகர்ந்து, பார்க்காமல் தொப்பென்று உட்கார்ந்தார். கடைசி வரிசை, இடது ஓரம். உட்கார்ந்த பிறகுதான் எதில் உட்கார்ந்தோம் என்று அவருக்கு உறைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தேழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

நாற்காலி தாங்கியது.

மறுநாள் ஞாயிறு. காலையில் நான் சீக்கிரமே போனேன். கூடத்தைப் பெருக்குவது, டீ கொண்டு வருவது, நாலு வெள்ளிக்கிழமை உபவாசம் என்று அம்மா விதித்த தண்டனை தொடங்கியிருந்தது. டின் மறுபடி ஸ்டூலுக்கு வந்திருந்தது. பெரியப்பா இருபக்கமும் பார்த்துவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை ஓட்டையில் திணித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மின்விசிறியைப் பற்றி ஏதோ சொன்னார். பெயர் இல்லாமல்தான் எழுதியிருந்தார் என்று அடுத்த சனிக்கிழமை பாஸ்டர் வாசித்தபோது தெரிந்தது. ஆனால் 'பொருள்: மரணத்துக்குப் பிந்தைய நிலை குறித்துத் தெளிவுரை கோருதல், தொடர்பாக' என்று தொடங்கும் சந்தேகம் எங்கள் சபையில் வேறு யாருக்கு வரும்?

ஆராதனையில் அக்காவை முன்னால் அழைத்தார்கள். "இதை விசுவாசிக்கிறீர்களா? இதையே கற்பிப்பீர்களா?"

"ஆம்" என்றாள். மைக் தேவைப்படவில்லை.

பிறகு பின்கட்டு அறையில் வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்; பெருக்கியதையே திரும்பத் திரும்பப் பெருக்கினேன். ஒரு வாண்டு கையைத் தூக்கியது.

"மிஸ், நாங்க கேட்டது கடவுளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் இன்னும் சரியாகல?"

"அது எனக்குத் தெரியாதுடா கண்ணு. நிஜமாவே தெரியாது. ஆனா கேக்கறது யாருகிட்டன்னு நல்லாத் தெரியும்."

வாண்டு யோசித்தது. பதில் போதும் போலிருக்கிறது, கையை இறக்கிவிட்டது. அக்கா சுவரில் ஒட்டியிருந்த ஜெபப் பட்டியலுக்குப் போனாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காமலே கையை நீட்டினாள். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

பட்டியலில் ஏழாவது வரிக்கு எதிரே பச்சை மையில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். அவள் லேப்பில் அந்த வட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான்: மறுபடி செய்.

"வாங்க, கண்ணை மூடுங்க" என்றாள்.

நானும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மூடினேன்.